நிரந்தரமாக ஒருவர் வரட்டும்

டாக்டரம்மா வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. தானியக் கிடங்குகளில் மூட்டையோடு மூட்டையாகப் பிடித்துப் பரவுகிற பூஞ்சணத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். இது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், இருமல் என்றாலும் வயிற்றுவலி என்றாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அவளும் ஒருவரையும் விரட்டியதில்லை. வெந்நீர் குடியுங்கள், குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்புவாள். அவர்களும் பெரிய டாக்டரிடம் காட்டியாயிற்று என்ற நிம்மதியோடு போவார்கள். யார் எது கேட்டாலும் அவளுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது, தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கவும் தெரியாது. முதல் குணத்தை எல்லோரும் மெச்சினார்கள். இரண்டாவதையும் சேர்த்து மெச்சியதுதான் வினையாகப் போயிற்று.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் உடம்பு முடியாமல் பாதியில் வேலையை விட்டுப் போனபோது, கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பொறுப்பை டாக்டரம்மாவிடம் கொடுத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் வருஷக்கணக்கில் ஓடிவிட்டது. குளிர் அறையில் யாருக்கு எந்தத் தட்டு, மின்சாரம் போனால் ஜெனரேட்டரை எந்தக் கட்டடத்துக்கு முதலில் திருப்புவது, வெளிநாட்டிலிருந்து வந்த மருந்துப் பெட்டி துறைமுகத்தில் வெயிலில் கிடக்கிறதே, அதை மீட்க யாரிடம் கெஞ்சுவது என்று காலையில் ஆரம்பிக்கும் பஞ்சாயத்து சாயங்காலம்வரை ஓயாது. ஒரே இயந்திரத்தைப் பங்குபோட வேண்டியிருந்த இரண்டு பேராசிரியர்கள் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. இருவரும் அவளிடம் வந்து அடுத்தவரைப் பற்றிச் சொல்வார்கள். அவள் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, இயந்திரத்துக்கு நேரம் பிரித்துக் கொடுத்துவிட்டு, தன்னுடைய ஆய்வுக்கூடத்துக்கு ஓடிக் கண்ணாடித் தட்டுகளில் பூஞ்சணம் எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று பார்ப்பாள்.

அந்தப் பதவியோடு ஒரு வீடும் வந்தது. வளாகத்துக்குள்ளேயே பெரிய வீடு. பார்வைக்கு ராஜா வீடு, மழை வந்தால் சல்லடை. கூடத்தின் மூலையில் ஒழுகும், படுக்கையறைச் சுவர் ஓதம் காத்துத் தொட்டால் மாவாக உதிரும், பின்பக்கக் கதவு வீங்கிப்போய் மழைக்காலம் முழுக்கச் சாத்த வராது. கட்டடப் பிரிவில் போய்ச் சொன்னால் எப்போதும் ஒரே பதில்தான்: "நிரந்தரமா ஒருத்தர் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." அது அங்கே எழுதாத சட்டம். தற்காலிகப் பொறுப்பில் இருக்கிறவர்களுடைய வீட்டுக்கு ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார்கள். ஒருவரைப் பதவியில் நிரந்தரமாக்கிவிட்டால், உத்தரவு கைக்கு வருவதற்கு முன்பே, வீடு பார்க்க ஆள் வரும். வருகிறவர்களிடம் குடியிருப்பவர்கள் வீடு முழுக்கச் சுற்றிக் காட்டி, பழுதையெல்லாம் சொல்ல வேண்டும். சொன்னதைச் சரிசெய்து தருவார்கள். அன்றைக்குச் சொல்லாமல் விட்டது விட்டதுதான், பிறகு தலைகீழாக நின்றாலும் நடக்காது. அதனால் யார் வீட்டுக்காவது வீடு பார்க்க ஆள் வந்தார்கள் என்றால், அவர்களுக்கு வேலை உறுதியாகிவிட்டது என்று வளாகமே புரிந்துகொள்ளும்.

டாக்டரம்மாவின் கணவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் சிக்னல்காரர். பழுதைக் கண்ட மாத்திரத்தில் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் உயிர் போகும் என்று காலமெல்லாம் பழகிய மனிதர். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. ஓட்டலில் நாற்காலி ஆடினால் முதலாளியைக் கூப்பிட்டு ஆட்டிக் காட்டுவார். விருந்துக்குப் போன இடத்தில் மின்விசிறி கிறீச்சிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவருடைய தங்கையும் அவர்களோடுதான் இருந்தாள். கட்டினவனோடு ஒத்துவராமல் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். பின்னறையில் உட்கார்ந்து வளாகத்துப் பெண்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தாள். துணி கொடுக்க வருகிறவர்கள் சேதியும் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்பதால், பல்கலைக்கழக விவகாரம் டாக்டரம்மாவைவிட நாத்தனாருக்கு ஒருபடி முந்தியே தெரிந்திருக்கும்.

நிரந்தரத் தலைவர் ஒருவரைத் தேடப்போகிறார்கள் என்பதும் அப்படித்தான் முதலில் தெரிந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் பெரிய நாற்காலிக்கு உள்ளே இருக்கிறவர்கள் யாரும் தாமாக விண்ணப்பம் போட மாட்டார்கள். போட்டால், அலைகிறான் என்று பேசுவார்கள். மேலே இருப்பவர் கூப்பிட்டு, நீங்கள் வாருங்களேன் என்று கேட்க வேண்டும். இவர்களும் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லி, இரண்டாம் தடவை சரி என்று சொல்ல வேண்டும். டாக்டரம்மா அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள். இத்தனை வருஷம் சுமந்தது நான்தானே, கேட்காமலா போவார்கள் என்று நினைத்தாள்.

துணைவேந்தர் ஒருநாள் காலை ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். அவர் அந்தப் படி ஏறி யாரும் பார்த்ததில்லை. டாக்டரம்மா அப்போது பூஞ்சணத்துக்கு உணவான கூழைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சூடு ஆறுவதற்குள் ஊற்றியாக வேண்டும், நடுவில் நிறுத்தினால் குடுவையிலேயே உறைந்துவிடும். கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஆனாலும் கையை நிறுத்தவில்லை.

"நீங்க பாட்டுக்கு ஊத்துங்க டாக்டரம்மா. ஒரு நிமிஷம்தான்" என்றார் அவர். "புதுத் தலைவரைத் தேட ஒரு குழு போடறேன். அதுல நீங்க அவசியம் இருக்கணும். மத்தவங்க ஒவ்வொருத்தர் மனசுலயும் அந்த நாற்காலி மேல ஒரு கண்ணு இருக்கு. உங்களுக்குத்தான் அந்த ஆசையெல்லாம் கிடையாது. உங்க கண்ணுக்குத்தான் சரியான ஆள் தெரியும்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்க வந்தது இதுதானா, அல்லது இதற்குப் பிறகு இன்னொன்று கேட்பாரா? குழுவில் இருப்பவர் பதவிக்கு நிற்க முடியுமா, முடியாதா? ஆசை கிடையாது என்று இவரிடம் யார் சொன்னது? இதையெல்லாம் யோசிப்பதற்குள் கூழ் உறைந்துவிடும். "சரி சார்" என்றாள். அவர் கும்பிட்டுவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு ஊற்றிய தட்டுகளில் பாதிக்கு மேல் சமமாக அமையாமல் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்துபோயின.

வீட்டில் சொன்னபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பக்கத்திலேயே வைத்துக்கொள்ளத்தான் குழுவில் போட்டிருக்கிறார்கள், வருகிறவன் எவனும் சரியில்லை என்று கடைசியில் அண்ணி தலையில்தான் கட்டுவார்கள் என்றாள் நாத்தனார். சிக்னல்காரர் அப்படி நினைக்கவில்லை. குழுவுக்குள் போனவர்களுக்குப் பாதை அடைத்துவிட்டது என்றுதான் அர்த்தம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அப்படியும் இருக்காது என்றார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"எதுக்கு ஊர்க்கதை? உனக்கு அந்த வேலை வேணுமா, வேணாமா? அதைச் சொல்லு முதல்ல."

"பார்க்கலாங்க" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். வேண்டும் என்பது தொண்டைவரை வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. வெட்கம் என்று சொல்வதா, பயம் என்று சொல்வதா, அவளுக்கே புரியவில்லை.

குழு வேலை தொடங்கியது. விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாக வந்தன. ஒவ்வொருவரும் தன்னால்தான் பூமி சுற்றுகிறது என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். ஒருவருடையது மட்டும் மெலிதாக இருந்தது. ஆற்றுநீரை ஆராய்கிறவர். செய்ததை எழுதியிருந்தார், செய்யப்போய்த் தோற்றதையும் எழுதியிருந்தார். அவருடைய கட்டுரைகளைத் தேடி எடுத்துப் படித்த டாக்டரம்மாவுக்கு, இவர்தான் ஆள் என்று பட்டுவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த மெலிந்த விண்ணப்பம் அடியில் போயிருக்கும். குழுக் கூட்டத்தில் மற்றவர்கள் வேறு பெயர்களைச் சொன்னபோது, பேசாத டாக்டரம்மா பேசினாள். அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று வாதாடினாள். தன் வாயா பேசுகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பாருங்கள், தனக்கென்று நினைக்காத மனசு என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

பதிவாளர் கண்டிப்பான மனிதர். அந்த ஆற்றுக்காரர் இப்போது வேலை பார்க்கிற இடத்தில் தெரிந்தால் அவருக்குச் சங்கடம், அதனால் அவரைப் பற்றி வீட்டுச் சுவரிடம்கூட மூச்சு விடக் கூடாது என்று குழுவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அதோடு டாக்டரம்மாவிடம் தனியாக இன்னொன்றும் சொன்னார். இவ்வளவு பெரிய பதவிக்கு வருகிறவர்கள் குடியிருக்கப்போகிற வீட்டைப் பார்க்காமல் சரி என்று சொல்ல மாட்டார்கள், அவரும் மனைவியும் வருகிற அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டையும் பார்த்த மாதிரி இருக்கும் என்றார். இதற்கும் சரி சார்தான்.

அவள் வீட்டுக்கு வந்து சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேர் வீட்டைப் பார்க்க வர்றாங்க. இங்கதான் சாப்பாடு. யாரு என்னன்னு கேக்காதீங்க, இப்ப நான் எதுவும் சொல்லக் கூடாது."

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. சிக்னல்காரர் டார்ச் விளக்குக்குப் புதுப் பேட்டரி போட்டதை அவள் கவனிக்கவில்லை.

ஆற்றுக்காரர் நெடுநெடுவென்று இருந்தார். கூச்ச சுபாவம். அவர் மனைவி பல் டாக்டர். அன்று காலை அவளுக்கு என்று எந்த ஏற்பாடும் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை, அதனால் அவளும் கூடவே ஆய்வுக்கூடங்களைச் சுற்றி வந்தாள். வெளியூரிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் என்று மட்டும் மற்றவர்களிடம் சொல்லி, டாக்டரம்மா எல்லாவற்றையும் காட்டினாள். குளிர் அறைக் கதவைத் திறந்து வெளியே வந்ததும் முகத்தில் அடித்த வெப்பக் காற்றில் அவர் கண்ணாடியில் பனி படர்ந்துவிட்டது. துடைத்துக்கொண்டே, மின்சாரம் போனால் இது எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டார். அதுவரை வந்த எந்த விருந்தாளியும் அதைக் கேட்டதில்லை. பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு பேராசிரியர்களும் அவரிடம் தனித்தனியாகத் தங்கள் குறையைச் சொன்னார்கள். அவர் இரண்டு பேரையும் முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த இயந்திரத்தை ஒருமுறை பார்க்கலாமா என்றார். அவரைப் பிடிக்காமல் போனால் நன்றாக இருக்கும் என்று டாக்டரம்மாவுக்குத் தோன்றியது. ஆனால் பிடித்துத்தான் இருந்தது.

அவளுடைய சொந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது, தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. இவ்வளவும் நீங்கதான் நடத்திட்டு இருக்கீங்க. நீங்க ஏன் இந்தப் பதவிக்கு நிக்கல?"

"எனக்கு அதுலல்லாம் ஆசை இல்லீங்க" என்றாள் டாக்டரம்மா. மற்றவர்கள் சொல்லிச் சொல்லி அது அவளுக்கும் மனப்பாடமாகியிருந்தது. பல் டாக்டர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். வலிக்கவில்லை என்று சொல்கிற நோயாளிகளை நிறையப் பார்த்தவளாக இருக்கும்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தார்கள். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது, கூடத்துக் கூரையில் ஈரம் இன்னும் காயவில்லை. இவங்கதான் நான் சொன்னவங்க என்று மட்டும் சொல்லி டாக்டரம்மா அறிமுகப்படுத்தினாள். சிக்னல்காரர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார். வாங்க வாங்க, சாப்பிடறதுக்கு முன்னாடி வீட்டைப் பார்த்துடலாம் என்று அவர்களைக் கையோடு உள்ளே அழைத்துப் போனார். விருந்தாளிகளைக் கணவர் பார்த்துக்கொள்கிறாரே என்று டாக்டரம்மா சமையலறைக்குள் போனாள். நாத்தனார் மீனை வறுத்துக்கொண்டிருந்தாள். சூப் அடுப்பில் இருந்தது. டாக்டரம்மா ரொட்டியை அறுக்க ஆரம்பித்தாள்.

கூடத்திலிருந்து சிக்னல்காரர் குரல் கேட்டது.

"இந்த மூலையைப் பாருங்க. மழை வந்தா இங்க ஒரு வாளி வைக்கணும். பெரிய மழைன்னா ரெண்டு. இந்தாங்க, டார்ச் அடிக்கிறேன், மேல பாருங்க. கம்பி தெரியுதா? துரு. இதை இன்னைக்கே சொல்லிடணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."

டாக்டரம்மா கத்தியை நிறுத்தினாள். இவர் ஏன் இதையெல்லாம் காட்டுகிறார்? குரல் படுக்கையறைக்கு நகர்ந்தது. ஓதம், கரையான், வீங்கின கதவு என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது.

"அண்ணி, எங்ககிட்ட சொல்லாம இருந்தீங்களே. நிரந்தரமாக்கிட்டாங்கள்ல? இவங்க வீடு பார்க்க வந்தவங்கதான? அண்ணன் காலையிலேர்ந்து குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திச் சுத்தி வந்துச்சு. ஒரு பழுது விட்டுப்போகக் கூடாதுன்னு நேத்தே எல்லாத்தையும் பார்த்து வச்சுடுச்சு. உன் அண்ணிக்குக் கிடைச்சிடுச்சுடின்னு என்கிட்ட சொல்லும்போது அதுக்குப் பேச்சே வரல."

அப்போதுதான் டாக்டரம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. வந்திருப்பவர்களைக் கட்டடப் பிரிவு ஆட்கள் என்று நினைத்து, குடிவர வேண்டியவரிடமே வீட்டின் ஓட்டை உடைசலையெல்லாம் அவர் விளக்கம் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார். தடுக்க வேண்டும் என்று இரண்டடி எடுத்து வைத்தாள். சமையலறை வாசல்படிவரை போனாள். அங்கிருந்து பார்த்தால் படுக்கையறை தெரிந்தது. பல் டாக்டர் டார்ச் வெளிச்சத்தில் சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்து, விரல் கணுவால் தட்டிக்கொண்டிருந்தாள். ஆற்றுக்காரர் முகம் சுருங்கியிருந்தது.

இவர்கள் வேண்டாம் என்று போய்விடுவார்கள் என்று டாக்டரம்மாவுக்குத் தோன்றியது. தோன்றியவுடன் கால் நின்றுவிட்டது. ஒரு வார்த்தை, "என்னங்க, இங்க வாங்க" என்றால் போதும். அவள் சொல்லவில்லை. திரும்பி வந்து ரொட்டியை அறுத்தாள். மீன் கருகுது பாரு என்று நாத்தனாரிடம் சொன்னாள். துண்டுகள் எல்லாம் ஒரே கனமாக வந்தன. சிக்னல்காரர் பின்பக்கக் கதவைத் தோளால் இடித்துக் காட்டிக்கொண்டிருந்த சத்தம் வெகுநேரம் கேட்டது.

சாப்பிடும்போது விருந்தாளிகள் அதிகம் பேசவில்லை. மீன் நன்றாக இருக்கிறது என்றார்கள். போகும்போது ஆற்றுக்காரர் சிக்னல்காரரின் கையைப் பிடித்து, ரொம்ப நன்றி என்று இரண்டு தடவை சொன்னார். கார் திரும்பிப் போனதும் சிக்னல்காரர் மனைவி பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒண்ணு விடல. நல்ல மனுஷங்க, முகம் சுளிக்காம கேட்டுக்கிட்டாங்க. இனிமே சொல்லலாம்ல?"

இனியும் மறைக்க முடியாது என்று அவள் சொன்னாள். யார் வந்தது, எதற்கு வந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். வயசானவராகத் தெரிந்தார்.

"அப்போ உனக்கு இல்லையா?"

"இல்லீங்க."

"வரவேண்டிய வண்டிக்குச் சிவப்பு விளக்கைக் காட்டிட்டேனே நானு." பிறகு அவருக்குள் ஏதோ இடறியது. "நீ அடுப்படியிலதான இருந்த. நான் பேசினது உனக்குக் கேக்கல?"

"கேட்டுச்சு."

அவர் டார்ச்சிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நாத்தனாரும் எழுந்து பின்னறைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு முழுக்கத் தையல் மெஷின் ஓடவில்லை. கத்திச் சண்டை போட்டிருந்தால்கூட டாக்டரம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆற்றுக்காரரிடமிருந்து தகவல் வரவில்லை. மனசாட்சி உறுத்திய சிக்னல்காரர், அவர் வந்தால் எப்படியும் காலி செய்துதானே ஆக வேண்டும் என்று பாத்திரங்களைப் பெட்டியில் போட்டுக் கயிறு கட்ட ஆரம்பித்தார். புதுத் தலைவர் வரமாட்டாராம், அவர் மனைவிக்கு வீடு பிடிக்கவில்லையாம் என்று துணி கொடுக்க வந்த பெண் ஒருத்தி சொல்லிவிட்டுப் போக, நாத்தனார் அந்தப் பெட்டிகளை அவிழ்த்து அடுக்கினாள். காலையில் அண்ணன் கட்டியதைச் சாயங்காலம் தங்கை அவிழ்த்தாள். டீ வடிகட்ட வடிகட்டியைத் தேடினால் அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாது. அலுவலகத்தில் பதிவாளர் டாக்டரம்மாவைப் பார்த்து, அவர் வரலைன்னா அப்புறம் நீங்கதான் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் வந்தது, உண்மைதான். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய்க் கணவர் முகத்தில் விழிக்க முடியாமல், ஆய்வுக்கூடத்தில் வேலையில்லாத வேலையெல்லாம் செய்துகொண்டிருந்தாள். தான் நல்லவளா கெட்டவளா என்று இந்த வயசில் ஒரு சந்தேகம் வருமென்று அவள் நினைத்ததே இல்லை.

துணைவேந்தர் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனாள். முதல் தடவை வேண்டாம் என்று சொல்வதில்லை, உடனே சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று படி ஏறும்போதே தீர்மானித்தாள்.

அவர் எழுந்து நின்று வரவேற்றார்.

"சாதிச்சிட்டீங்க டாக்டரம்மா. வர்றேன்னுட்டார்."

"யாரு சார்?"

"யாரா? நீங்க வாதாடின அந்த ஆத்துநீர் ஆராய்ச்சிக்காரர்தான். இன்னும் ரெண்டு பல்கலைக்கழகத்துல அவரைக் கூப்பிட்டிருந்தாங்க. சம்பளம் நம்மளைவிட அதிகம். அங்கெல்லாம் ரத்தினக் கம்பளம் விரிச்சு நல்லதை மட்டும் காட்டினாங்களாம். இங்க உங்க வீட்டுலதான் ஓட்டையை டார்ச் அடிச்சுக் காட்டினாங்களாம். இப்படி மறைக்காத மனுஷங்களோட வேலை செய்யலாம்னு அவர் சம்சாரம்தான் முதல்ல சொல்லியிருக்காங்க. என்கிட்ட போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். என்ன நேர்மை உங்களுக்கு. வேற யாருக்கு இந்த யோசனை வரும்?"

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நேர்மை, பெருந்தன்மை, ஆசையில்லாத மனசு. பேசாமல் கேட்டுக்கொண்டு எழுந்து வந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். என்ன சொல்லித் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பாள். இந்தப் புகழ்ச்சியைத்தான் தாங்க முடியவில்லை.

"அது நேர்மை இல்ல சார்" என்றாள். "எங்க வீட்டுக்காரர் அவங்களைக் கட்டடப் பிரிவு ஆளுங்கன்னு நினைச்சுட்டார். எனக்கு வேலை நிரந்தரமாயிடுச்சுன்னு நினைச்சு, ஆசை ஆசையா காட்டினார். அவர் தெரியாம செஞ்சார். நான் அடுப்படியிலேர்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். போய்த் தடுத்திருக்கலாம். தடுக்கல. அவங்க வேணாம்னு போயிடட்டும்னு நின்னுட்டேன்."

துணைவேந்தருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன்?"

"அந்த வேலை எனக்கு வேணும்னு இருந்துச்சு சார்."

சொல்லிவிட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. சொன்ன பிறகு அது ஒன்றும் அவ்வளவு பெரிய வார்த்தையாகத் தெரியவில்லை.

"நீங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லலையேம்மா."

"நீங்க ஒரு வார்த்தைகூடக் கேக்கலையே சார்."

அவர் மேஜைமேல் இருந்த உத்தரவைப் பார்த்தார். கேட்பதா கூடாதா என்று தடுமாறுகிறவர்போல், உத்தரவில் தான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றார். இப்போது என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள் என்றார். அவர் கேட்டது நிஜமாகத்தான். குளிர் அறைக் கதவு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அந்த மனிதர் கேட்ட கேள்வி, இரண்டு பேராசிரியர்களையும் தனித்தனியாக முழுக்கக் கேட்ட பொறுமை எல்லாம் டாக்டரம்மாவுக்கு ஞாபகம் வந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எல்லாவற்றையும் மறந்துவிட்டு எனக்கே கொடுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று மனசு தவித்தது.

"போட்டுடுங்க சார். அவர்தான் சரியான ஆள். குழுவுல நான் சொன்னது எதுவும் பொய் இல்ல."

அவர் பெருமூச்சு விட்டார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இந்த அடுப்படி விஷயம் நம்மோடயே இருக்கட்டும். உங்களுக்குக் கிடைக்க வேண்டியதை நீங்களா மனசார விட்டுக்கொடுத்தீங்கன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்றேன். உங்களுக்கு எப்பவுமே ஆசை கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"அப்படி மட்டும் சொல்லாதீங்க சார்."

"உங்க நல்லதுக்குத்தாம்மா."

"நான் விட்டுக்கொடுக்கல. ஆசைப்பட்டேன், கேக்கத் தெரியல, கிடைக்கல. யாராவது கேட்டா அதையே சொல்லுங்க."

இதை எப்படி வெளியில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படிச் சொல்லிப் பழக்கமில்லாத இடம் அது. அவர் விழிப்பதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா எழுந்துகொண்டாள்.

"உங்களுக்குச் சங்கடம்னா பரவால்ல சார். நானே சொல்லிக்கிறேன்."

வெளியே தாழ்வாரத்தில் பதிவாளரும் பேராசிரியர்கள் நாலைந்து பேரும், யாருக்கு ஆயிற்று என்று கேட்கக் காத்திருந்தார்கள். டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு அவர்களிடம் போனாள்.